படுக்க முடியாத மாதங்கள்

படுத்தால் மூச்சு வராது. எழுந்து உட்கார்ந்தால் வரும். ஐந்தாம் மாதத்தில் என் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: புள்ளத்தாச்சிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். வீட்டு ஓனரம்மா சொன்னார். கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஊரிலிருந்து போனில் மாமியார் சொன்னார். இத்தனை பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது என் மகனுக்கு எட்டு மாதம். அவன் தூங்கும்போது நீயும் தூங்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்கம் பிடிக்காத மதியங்களில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். என்னைப் போல மலையிலிருந்து இறங்கி இந்த ஊருக்கு வேலைக்கு வந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி இப்போது தலையணையைச் சுவரில் நிறுத்திச் சாய்ந்துகொண்டு, எல்லாருக்கும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பூங்கொடி. ஊர் ஜவ்வாது மலையில். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு ஓடை தாண்டி நடக்க வேண்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கி பன்னிரண்டாவது வரை படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அண்ணாமலையோடு பெங்களூருக்கு வந்தேன். அவருக்கு சென்ட்ரிங் வேலை, கட்டடங்களுக்குப் பலகை அடிப்பது. அடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒற்றை அறை. நான் ஓசூர் ரோடு பக்கம் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங். மாடி மாடியாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் மாதமே படி ஏறும்போது நின்று நின்று போக ஆரம்பித்தேன்.

எங்கள் மலையில் பிள்ளை உண்டானால் அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. வலி கண்ட அன்று காலைவரை சாமைக் காட்டில் களை எடுத்தவர்கள் உண்டு. ஆறாம் மாதத்திலிருந்து சாப்பாட்டைக் குறைப்பார்கள். பிள்ளை வயிற்றில் பெருத்துவிட்டால் வெளியே வராது என்று பயம். கிராம செவிலியர் மலையேறி வந்து கொடுத்த சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, அவர் முதுகு மறைந்ததும் வேலியோரம் வீசுவார்கள். மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பெருத்துப் பிறக்கும் என்பது பேச்சு. பெங்களூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சிக்கிக்கொண்ட பிள்ளையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் பாதையே இல்லாத ஊரில், பிள்ளை சின்னதாக இருப்பது ஒரு பாதுகாப்புதான். யாரோ சாகப் போய்த்தான் அந்தப் பழக்கம் வந்திருக்கும்.

நான் மாத்திரை போட்டேன். பக்கத்து ஆரோக்கிய மையத்தில் ரத்தம் குறைவு என்றார்கள், அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்றார்கள். ரத்தம் குறைவாக இருந்தது உண்மை. ஆதார் அட்டையில் தமிழ்நாட்டு விலாசம் இருந்ததால், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டு கிடைக்கவே பல நடை நடக்க வேண்டியிருந்தது. ஊரில் கேட்டால் நீ இங்கே இல்லையே என்றார்கள், இங்கே கேட்டால் நீ இந்த ஊரே இல்லையே என்றார்கள். கடைசியில் கார்டு வந்தது. எடை பார்த்தார்கள், வயிறு பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து துணி அலசிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. நிற்கவில்லை. பக்கெட் தண்ணீரில் துப்பியபோது நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பக்கத்து அறை ரோஸ் அக்கா ஓடி வந்தார். ரோஸ் அக்கா பெங்களூரிலேயே பிறந்தவர், பிரேசர் டவுனில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறார். என் உதட்டைப் பார்த்தார். நீலமாக இருந்ததாம்.

"இது புள்ளத்தாச்சி மூச்சு இல்லடி," என்றார். "எங்க வீட்டுக்காரரு போறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்தாரு. எழுந்திரு, ஆட்டோ புடிக்கிறேன்."

ஆட்டோவில் அவர் மேல் சாய்ந்தபடி போனேன். சிக்னல்களில் நின்றபோதெல்லாம் ரோஸ் அக்கா கன்னடத்தில் டிரைவரைத் திட்டினார். அவரும் பாவம், என்ன செய்வார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "மல்கொள்ளி, மல்கொள்ளி" என்று என் தோளை அழுத்தினார். படுங்கள் என்று அர்த்தம். நான் கன்னடத்தில் முதலில் பயப்படக் கற்றுக்கொண்ட வார்த்தை அது. படுக்க மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் டியூட்டி டாக்டர் கிட்டே வந்தார். முதுகில் குழாய் வைத்தார், பிறகு நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். நுரையீரலில் நீர் ஏறியிருக்கிறது, இது பிரசவக் கேஸ் இல்லை, இதயக் கேஸ் என்றார். ஒரு ஊசி போட்டார்கள். போட்டதும் சிறுநீர் நிற்காமல் போனது. உடம்பில் தேங்கிய நீரை அப்படித்தான் இறக்குவார்களாம். ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு ஆம்புலன்சில் ஏற்றி இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே மூன்றாம் மாடியில் பெண்கள் வார்டு. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் வயதானவர்கள். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் சைட்டிலிருந்து சிமென்ட் கையோடு வந்து, உள்ளே விடாததால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பார்க்கும் நேரத்தில் வந்தால் என் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் எக்கோ எடுத்தார்கள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பது போலத்தான், ஆனால் நெஞ்சுக்கு. குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை அழுத்தி நகர்த்துகிறார்கள். இருட்டு அறை. திரையில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் இதயத்தைப் பார்த்துவிட்டேன்.

டாக்டரம்மா கோலார் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஒரு பேப்பரில் படம் போட்டு எனக்கு விளக்கினார். இதயத்தின் இடது பக்கம் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நடுவில் இரண்டு இதழ் கொண்ட வால்வு. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியாகத்தான் இறங்கி உடம்புக்குப் போக வேண்டும். எனக்கு அந்த இதழ்கள் ஓரத்தில் ஒட்டி, கெட்டியாகி, ஒரு பொத்தான் துளை அளவுதான் திறக்கின்றன. பிள்ளை உண்டானால் உடம்பில் ரத்தம் கூடும். கூடின ரத்தம் அந்தத் துளையில் இறங்க முடியாமல் பின்னால் தேங்கி நுரையீரலில் நீராகக் கசிகிறது. படுத்தால் காலில் இருக்கும் ரத்தமும் சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் படுக்க முடியவில்லை.

"சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல் வந்து அப்புறம் முட்டி வீங்கினது ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. விடுதியில் ஆறாவது படிக்கும்போது. நீளக் கூடத்தில் பாய் மேல் பாய் போட்டுப் படுப்போம். ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் எல்லாருக்கும் கட்டும். எனக்கு முட்டி வீங்கி, அது இறங்கி கணுக்கால் வீங்கி, நடக்க முடியாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். தொண்டையில் வந்த கிருமியோடு சண்டை போடும்போது உடம்பு ஆள் தெரியாமல் தன் இதயத்தையே அடித்துவிடும், அந்தப் புண் ஆறும்போது வால்வு ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. ரூமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். நெருக்கமாகப் படுத்து வளரும் பிள்ளைகளுக்கு அதிகம் வருமாம்.

"வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ராசாத்தி அக்கா நினைவுக்கு வந்தாள்.

ராசாத்தி என் கூடப்பிறந்தவள், எனக்கு மூத்தவள். அதே விடுதி, அதே கூடம். எனக்கு வீங்கிய அதே வருஷம் அவளுக்கும் முட்டி வீங்கியது. எட்டாவதோடு நின்றாள், சீக்கிரமே கட்டிக்கொடுத்தார்கள். ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவள், நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாளாம். படுத்தா மூச்சு வரலம்மா என்பாளாம். நான் அப்போது விடுதியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விறகுக்குப் போய்த் திரும்பி வந்தவளுக்கு இருமல் அடங்கவில்லை. கம்பில் கம்பளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரோடு வருவதற்கு முன்பே போய்விட்டாள். உச்சி வேளையில் ஓடையைத் தாண்டினாள், ஓடையில் இருக்கும் கன்னிமார் சாமி அடித்துவிட்டது என்று ஊரில் முடிவாகிவிட்டது. அந்த நேரத்தில் விறகுக்கு அனுப்பியது அம்மா. அதை ஊரும் மறக்கவில்லை, அம்மாவும் மறக்கவில்லை.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லி முடிக்கும்போது எனக்கு மறுபடி மூச்சு வாங்கியது. அவர் காத்திருந்தார். "பாக்காம சொல்ல முடியாதும்மா," என்றார். "ஆனா இருக்கலாம்." போகும்போது என் கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

சேதி தெரிந்து மாமியார் மலையிலிருந்து வந்துவிட்டார். என் அம்மாவால் வர முடியவில்லை. அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர், ஒரு நாள் தனியாக விட முடியாது. மாமியார் பஸ்ஸில் பெங்களூருக்கு வந்தது அதுதான் முதல்முறை. பையில் சாமை அரிசி, கொள்ளு, ஒரு சுருட்டிய கம்பளி. வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, மாத்திரையெல்லாம் தின்னாதே என்பதுதான். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. அவர் எதிரிலேயே விழுங்கினேன்.

மருந்துகள் நுரையீரலைக் கொஞ்சம் காயவைத்தன. ஆனாலும் சாய்ந்து தூங்க முடியவில்லை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் திருகு உடைந்திருந்தது. தலையணை ஒன்றுதான் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடி கண் அசந்தால் தலை தொங்கி விழித்துக்கொள்வேன். பல நாள் தூங்காதவளின் களைப்பு எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. சுவரில் தெரியும் விரிசல்கூட என்னிடம் ஏதோ கேட்பது போல இருக்கும். அழலாம் என்றாலும் அழுதால் மூச்சு போதாது.

ஒரு ராத்திரி மாமியார் கட்டில்மேல் ஏறி என் பின்னால் உட்கார்ந்தார். என் முதுகோடு தன் முதுகை ஒட்டவைத்து, காலைத் தொங்கப்போட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சாஞ்சுக்கோ என்றார். சாய்ந்தேன். சுமை தூக்கிப் பழகிய முதுகு, அசையவே இல்லை. கட்டிலில் நோயாளி மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நர்ஸ் வந்து திட்டினார். மாமியாருக்குக் கன்னடம் புரியாது, புரிந்தாலும் இறங்கியிருக்க மாட்டார். அந்த நர்ஸ் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே போய்வர ஆரம்பித்தார். இதயத்துக்குச் சிகிச்சை நடக்கும்வரை நான் அந்த முதுகில்தான் தூங்கினேன்.

மருந்தால் மட்டும் பிரசவம்வரை தாக்குப்பிடிக்க முடியாது என்று டாக்டரம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை அனுப்பி, வால்வுக்குள் ஒரு சின்ன பலூனை ஊதி, ஒட்டியதைப் பிரிப்பார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டாம். எக்ஸ்ரே படாமல் வயிற்றை ஈயத் துணியால் மூடுவார்கள். ஆனாலும் பிள்ளைக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது, எனக்கும் சொல்ல முடியாது. சில சமயம் இதழ் கிழிந்துபோகும், அப்படி ஆனால் உடனே திறந்து ஆபரேஷன். இன்னொரு வழி, கருவைக் கலைத்துவிட்டு என்னை மட்டும் பார்ப்பது. அதுவும் இந்த மாதத்தில் லேசானது இல்லை.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஊருக்குப் போயிடலாம், சாமி கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார். அது பயத்தில் வந்த பேச்சு. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, களைப்புதான் வந்தது.

மாமியார்தான் பேசினார். "நான் ஏழு பெத்தேன். நாலுதான் நின்னுது. புள்ள போறது எனக்குப் புதுசில்ல, தாங்கிக்குவேன். தாயில்லாத புள்ளைங்களயும் எங்க ஊருல பாத்துட்டேன். எனக்கு இவ வேணும். எது செஞ்சா இவ இருப்பாளோ அதச் செய்யுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பலூன் செய்துகொள்கிறேன் என்றேன். தைரியத்தில் சொன்னதில்லை. ராசாத்தியைக் கம்பளியில் தூக்கிப் போனபோது அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கிறார்கள், பதில் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லவில்லை. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் ஒருவர் ஏழைகள் நிதியில் எழுதிக்கொடுத்து ஏற்பாடு செய்தார். அதற்காக என் வீட்டுக்காரர் கவுன்டர் கவுன்டராக நின்றார், எந்தக் கவுன்டரிலும் அவருக்குப் புரிகிற மாதிரி பேசவில்லை. ரோஸ் அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு நின்றார்.

முந்தின நாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கொடுமை அதுதான். பலூன் அப்படி இல்லை. தொடையில் மரத்துப்போக ஊசி போட்ட இடம் மட்டும் வலித்தது. விழித்தே இருந்தேன். படுக்க வேண்டியிருந்ததுதான் பயம். ஒரு நர்ஸ் என் தலைமாட்டில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ அழுத்தியது, கண் இருண்டது, பிறகு விட்டது. "ஆச்சு," என்றார் டாக்டரம்மா.

சட்டென்று மூச்சு இறங்கியது. அடிவயிறுவரை இறங்கியது. பிள்ளை ஒரு உதை விட்டது. நான் மல்லாக்கப் படுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வார்டுக்குக் கொண்டுவந்ததும் தூங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். மாமியார் கட்டிலுக்குக் கீழே கம்பளியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகும் சுலபமாக இல்லை. வாரம் தவறாமல் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கேயே திருப்பி அனுப்புவார்கள். வேலை போய்விட்டது. மாமியார் ஊருக்குப் போகாமல் எங்களோடு அந்த ஒற்றை அறையிலேயே இருந்தார். சாப்பாட்டைக் குறை என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிரசவத்தில் நான் முக்கக் கூடாது, இதயத்துக்குச் சுமை என்று ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிறந்த பிறகு ஒரு நாள் முழுக்க என்னை மெஷினோடு கட்டிவைத்திருந்தார்கள். கர்ப்பப்பை சுருங்கும்போது அங்கிருந்த ரத்தம் திரும்பி இதயத்துக்கு வரும், அந்த நேரம்தான் பலர் போய்விடுவார்களாம். மகன் எடை குறைவுதான். ஆனால் குரல் பெரிது.

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமலே போய்த் தனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். எங்கள் மலையில் ஆண்கள் செய்துகொள்வதில்லை. தெரிந்தால் கேலி செய்வார்கள். அவர் சட்டைப் பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் பென்சிலின் ஊசி. திரும்ப அந்தக் காய்ச்சல் வராமல் இருக்க. பல வருஷம் போட வேண்டும். பக்கத்து கிளினிக்கில் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயந்து போட மறுக்கிறார்கள். ஊசிக்காக ஊரின் அந்தக் கோடிவரை பஸ் மாறிப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறேன். இன்றைக்கும் படி ஏறினால் களைக்கிறது. களைப்புக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வதே ஒரு வேலையாகிவிட்டது.

மகனைத் தூக்கிக்கொண்டு போன மாதம்தான் மலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, நான் நின்று நின்று ஓடைகளைத் தாண்டினேன். அம்மா பிள்ளையைக் கொஞ்சினாள், எனக்குக் கோழி அடித்தாள். சாப்பிட்டு முடித்ததும் உனக்கு என்னதான் நோவு, யாரும் எனக்கு விளங்கச் சொல்லவில்லையே என்றாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கன்னிமார் அடித்தது என்பதாவது யாராலும் தடுக்க முடியாத ஒன்று. என் நோய்க்கு மருந்து இருக்கிறதே, ராசாத்தியையும் காப்பாற்றியிருக்கலாம் என்றாகிவிடும். ஆனால் விறகுக்கு அனுப்பியதற்காக ஊர் சொன்ன சொல்லை அவள் இத்தனை வருஷம் சுமக்கிறாளே என்றும் இருந்தது. சொன்னேன். விடுதி, தொண்டை வலி, முட்டி, வால்வு எல்லாம் சொன்னேன். ராசாத்திக்கும் இதுவாகத்தான் இருக்கலாம், ஓடையும் இல்லை, நீ அனுப்பின வேளையும் இல்லை என்றேன்.

அம்மா ஓடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"படுத்தா மூச்சு வராதா?" என்றாள்.

"வராது."

"உக்காந்தா வருமா?"

"வரும்மா."

அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தாள். "வேலைக்குச் சோம்பிக்கிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சேன். அப்படித்தான் அவள ஏசினேன்."

"உனக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது," என்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சே," என்றாள் அம்மா. "அவ சொன்னாளே."

பிள்ளை சிணுங்கினான். எடுத்து அம்மா மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.